செவிப்பறையின் நாட்பட்ட அழற்சியும் காதுச் சொட்டு மருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செவிப்பறையின் நாட்பட்ட அழற்சி என்றால் என்ன?

காதுக் குழாயின் கடைசியில், பெரியவர்களுக்கு ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் உள்ளே, சற்றுச் சாய்வாக அமைந்திருக்கும் சவ்வே செவிப்பறை. பேச்சு வழக்கில் காது ஜவ்வு என்பது இதைத்தான். இதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் என்றாலும், வெளியே தோல், நடுவே நார்ப்படலம், உள்ளே நடுச்செவியின் சளிப்படலம் என மூன்று அடுக்குகள் உண்டு. வெளியடுக்கான தோல் சிதைந்து, அந்த இடத்தில் குருணையைத் தூவியது போலச் சிவந்த சதை துளிர்த்து, ஈரம் கசிந்தபடி ஒரு மாதத்துக்கு மேலும் ஆறாமல் இருக்கும் நிலையை மருத்துவர்கள் நாட்பட்ட மிரிஞ்சைட்டிஸ் அல்லது கிரானுலர் மிரிஞ்சைட்டிஸ் என்று சீட்டில் எழுதுகிறார்கள். நோய் பறையின் வெளிமுகத்தில்தான் இருக்கிறது. அதற்கு அப்பால் உள்ள நடுச்செவி பெரும்பாலும் நலமாகவே இருக்கும். லண்டனில் காது மருத்துவராக இருந்த ஜோசப் டாய்ன்பீ 1860-ஆம் ஆண்டிலேயே இந்நோயை விவரித்திருந்தும், இன்றும் இது பல இடங்களில் வேறொரு நோயின் பெயரில்தான் சிகிச்சை பெறுகிறது.

அந்த வேறொரு நோய் எது? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

நடுச்செவியின் நாட்பட்ட சீழ் நோய்தான் அது. அதில் செவிப்பறையில் ஓட்டை இருக்கும். நடுச்செவியில் உண்டாகும் சீழ் அந்த ஓட்டை வழியாக வெளியே வரும். உலக அளவில் 6.5 கோடி முதல் 33 கோடிப் பேர் வரை சீழ் வடியும் காதுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் 2004-இல் மதிப்பிட்டது; அவர்களில் பெரும்பாலோர் தென்கிழக்கு ஆசியா, மேற்குப் பசிபிக், ஆப்பிரிக்கப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள். இவ்வளவு பரவலான நோய் என்பதால், காது ஒழுகுகிறது என்று யார் வந்தாலும் ஜவ்வில் ஓட்டை என்றே முதலில் நினைக்கத் தோன்றுகிறது.

இரண்டிலும் வெளியே தெரிவது ஈரமும் நாற்றமும்தான். டார்ச் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். கசிவை உறிஞ்சி எடுத்துவிட்டு மைக்ரோஸ்கோப் அல்லது எண்டோஸ்கோப் வழியாகப் பார்க்கும்போதுதான் பறை முழுமையாக இருக்கிறதா, ஓட்டை உள்ளதா என்பது தெளிவாகும். நோயாளியே கவனிக்கக்கூடிய குறிப்புகளும் சில உண்டு. நடுச்செவி நோயில் சளி பிடிக்கும்போதெல்லாம் ஒழுக்கு பெருகும். நூல் போல இழுபடும் சளியாகவும் வரும். காது மந்தமாவதும் கூடுதலாக இருக்கும். பறையின் மேற்பரப்பு நோயில் கசிவின் அளவு குறைவு, அரிப்பு அதிகம், கேட்கும் திறன் பெரிதாகக் குறைவதில்லை. இவை குறிப்புகள் மட்டுமே; இவற்றைக் கொண்டு நோயை முடிவு செய்துவிடக் கூடாது.

இது ஏன் வருகிறது?

ஒரே காரணம் என்று எதையும் சுட்ட முடியாது. செவிப்பறையின் தோல், நடுவிலிருந்து ஓரத்துக்கும் அங்கிருந்து குழாயின் வழியே வெளிப்புறத்துக்கும் நாள்தோறும் மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கும் தன்மை உடையது. காது தன்னைத் தானே துப்புரவு செய்துகொள்வது இந்த நகர்வினால்தான். பட்ஸ், ஊக்கு, ஹேர்பின், கோழி இறகு ஆகியவற்றால் குடைவது, அடிக்கடி தண்ணீர் புகுவது, நாட்கணக்கில் நீடித்த புறச்செவித் தொற்று, பறையில் முன்பு செய்த அறுவை சிகிச்சை ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றால் இந்தத் தோல் உரிந்துபோனால், வெற்றிடத்தில் புதுத்தோல் பரவுவதற்கு முன் சதை துளிர்த்துவிடுகிறது. அதன்பின் அந்தச் சதை கசியும் ஈரமே கிருமிகளுக்கு இடம் கொடுக்கிறது. கிருமிகள் உண்டாக்கும் அழற்சி மேலும் சதையை வளர்க்கிறது. இந்தச் சுழற்சியை உடைப்பதே சிகிச்சையின் நோக்கம். வெப்பமும் புழுக்கமும் மிகுந்த ஊர்களில் காது எளிதில் உலராததால் சுழற்சி வலுப்படுகிறது.

வலி இல்லாதபோதும் சிகிச்சை தேவையா?

தேவை. இந்நோயில் வலி பெரும்பாலும் இருக்காது. அதனாலேயே பலர் தலையணை உறையில் கறை படிவதைப் பல மாதங்கள் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். கவனிக்காத காதில் சதை தடித்து, உண்மையான செவிப்பறைக்கு முன்பாக நார்த்திசுவால் ஒரு பொய்ச் சுவர் எழும்பி, குழாயின் உட்பகுதியே அடைபட்டுப்போவதுண்டு. அந்த நிலையில் ஒழுக்கு நின்றுவிடும், காதும் மந்தமாகிவிடும். ஒழுக்கு நின்றதைப் பார்த்து நோய் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்பவர்களும் உண்டு.

மாத்திரை சாப்பிட்டால் போதாதா? எதற்காகச் சொட்டு மருந்து?

ஒரு கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். சிப்ரோஃப்ளாக்சசின் 500 மில்லிகிராம் மாத்திரையை விழுங்கினால், இரத்தத்தில் அதன் உச்ச அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2 முதல் 3 மைக்ரோகிராம் வரை இருக்கும். அதே மருந்தின் 0.3 சதவீதக் காதுச் சொட்டில் ஒரு மில்லிலிட்டருக்கு 3,000 மைக்ரோகிராம் இருக்கிறது. அதாவது, நோய் உள்ள இடத்தில் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு செறிவில் மருந்து போய்ச் சேருகிறது. வயிற்றுக்கும் குடலுக்கும் தொல்லை இல்லை. நாட்பட்ட காதுக் கசிவில் அடிக்கடி காணப்படும் சூடோமோனாஸ் போன்ற பிடிவாதமான கிருமிகளுக்கு எதிராக இந்தச் செறிவுதான் கைகொடுக்கிறது. காய்ச்சல், காது மடலைச் சுற்றிப் பரவிய வீக்கம், கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவு, நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை இருந்தால் மாத்திரையோ ஊசியோ சேர்க்கப்படும். மற்றவர்களுக்குச் சொட்டு மருந்தே முதல் சிகிச்சை. சொட்டு மருந்து மட்டும் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம், மாத்திரை ஏதும் இல்லையா என்று கேட்டு வாங்கிச் செல்லும் பழக்கத்தை நாம் விட்டுவிடுவது நல்லது.

எந்தெந்தச் சொட்டு மருந்துகள் தரப்படுகின்றன?

பெரும்பாலும் நுண்ணுயிர்க்கொல்லியும் ஸ்டீராய்டும் சேர்ந்த கலவையே தரப்படுகிறது: சிப்ரோஃப்ளாக்சசினுடன் டெக்சாமெதசோன், ஆஃப்லாக்சசினுடன் ஒரு ஸ்டீராய்டு, நியோமைசினும் பாலிமிக்சினும் ஹைட்ரோகார்ட்டிசோனும் சேர்ந்தது என்று பல வகைகள் உள்ளன. கிருமியை ஒன்று அடக்க, துளிர்த்த சதையையும் அழற்சியையும் மற்றொன்று சுருக்குகிறது.

க்ளோராம்ஃபெனிகால், பெக்லோமெதசோன், க்ளோட்ரிமசோல், லிக்னோகெய்ன் ஆகிய நான்கும் ஒரே குப்பியில் சேர்ந்த சொட்டு நம் மருந்துக் கடைகளில் மிக அதிகமாக விற்கிறது. பாக்டீரியா, பூஞ்சை, அழற்சி, வலி என எது இருந்தாலும் பட்டுவிடும் என்ற எண்ணத்தில் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் இதைத்தான். குறுகிய காலத்துக்கு, மருத்துவர் காதைப் பார்த்து எழுதித் தந்தால் அதில் பிழை இல்லை. காதையே பார்க்காமல் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டிருப்பது நோயை மறைக்குமே தவிர ஆற்றாது. காது அழுக்கைக் கரைப்பதற்கென்று விற்கப்படும் சொட்டுகளுக்கு இந்நோயில் வேலையே இல்லை. புண்ணான பறையில் அவை எரிச்சலைத்தான் கூட்டும்.

நியோமைசின் கலந்த சொட்டு விடத் தொடங்கிய சில நாட்களில் அரிப்பும் சிவப்பும் காது மடல் வரை பரவினால், நோய் முற்றுகிறது என்று எண்ணி மேலும் நாலு சொட்டு சேர்த்து விடாதீர்கள். அது அந்த மருந்துக்கே உண்டான ஒவ்வாமையாக இருக்கக்கூடும். மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

ஸ்டீராய்டு என்றாலே பயமாக இருக்கிறது. காதில் விடலாமா?

காதில் விடும் நாலைந்து துளிகளில் உள்ள ஸ்டீராய்டின் அளவு மிகச் சிறியது. அது உடலுக்குள் கலப்பது சொற்பம். ஆண்டுக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்வதால் வரும் விளைவுகளோடு இதை ஒப்பிடத் தேவையில்லை. இங்கே அஞ்ச வேண்டியது, நீண்ட நாள் விட்டால் காதில் பூஞ்சை வளரும் என்பதற்குத்தான்.

சொட்டு விடுவதற்கு முன் மருத்துவர் காதை உறிஞ்சிச் சுத்தம் செய்வது அவசியமா?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுதான். மூன்று மருத்துவர்களிடம் மூன்று வகைச் சொட்டு வாங்கியும் குணமாகவில்லை என்று வருபவர்கள் பலருக்கு மருந்தில் குறையில்லை; மருந்து பறையைத் தொடவே இல்லை. சீழும் உரிந்த தோலும் பழைய மருந்தின் படிவும் சேர்ந்து பறையின் மீது ஒரு படலமாக அப்பியிருக்கும்போது, மேலே விடும் சொட்டு அந்தப் படலத்தில் ஊறித் தேங்கிவிடுகிறது. மைக்ரோஸ்கோப்பின் கீழ் மெல்லிய உறிஞ்சுகுழாயால் அதை அகற்றிய பிறகு, அதே பழைய சொட்டே வேலை செய்யத் தொடங்குவதைக் காணலாம். ஆகவே, எந்தச் சொட்டு என்று கேட்பதற்கு முன், காது சுத்தம் செய்யப்பட்டதா என்று கேளுங்கள். ஈரம் அதிகமுள்ள முதல் இரண்டு மூன்று வாரங்களில், வாரம் ஒருமுறையாவது இது தேவைப்படலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவுகளில் இந்த வசதி உண்டு.

சுத்தம் செய்யும்போது உறிஞ்சுகுழாயின் இரைச்சல் காதருகே பெரிதாகக் கேட்கும். சிலருக்கு ஓரிரு நிமிடம் தலை சுற்றும். இரண்டும் தானே அடங்கிவிடும். வீட்டில் சிரிஞ்சால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுவது மட்டும் கூடாது. பறையில் ஓட்டை இருந்தால் அந்தத் தண்ணீர் நேராக நடுச்செவிக்குள் போகும்.

சொட்டு மருந்தைச் சரியாக விடுவது எப்படி?

முதலில் கையைக் கழுவிக்கொண்டு, குப்பியை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்தி வைத்திருங்கள். குளிர்ந்த மருந்து உட்செவியின் சமநிலை உறுப்பைத் தூண்டிச் சட்டென்று தலைசுற்றலை உண்டாக்கும் என்பதால் இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம். காதின் வாயில் உள்ள ஈரத்தைச் சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுங்கள்; பஞ்சை உள்ளே திணிக்க வேண்டியதில்லை. நோயுள்ள காது மேலே இருக்கும்படி ஒருக்களித்துப் படுத்து, பெரியவர்களுக்குக் காது மடலை மேலும் பின்னும் இழுத்தும், சிறு குழந்தைகளுக்குக் கீழும் பின்னும் இழுத்தும் பிடித்தால் வளைந்த குழாய் நேராகும். குப்பியின் முனை காதைத் தொடாமல் சொட்டுகளை விட வேண்டும்.

அடுத்த படியைத்தான் பெரும்பாலோர் செய்வதில்லை. காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி மேடாக இருக்கும் சிறு குருத்தெலும்பை விரலால் உள்நோக்கி நாலைந்து முறை அமுக்கி விட வேண்டும். குழாயில் அடைத்து நிற்கும் காற்று விலகி, மருந்து பறை வரை இறங்குவது இதனால்தான். பிறகு ஐந்து நிமிடமாவது அப்படியே படுத்திருக்க வேண்டும். எழுந்தவுடன் வழிவதைத் துடைத்துவிடலாம். பஞ்சால் அடைத்து வைத்தால் மருந்தைப் பஞ்சு உறிஞ்சிக்கொள்ளும்.

எத்தனை சொட்டு, எத்தனை வேளை என்பது மருந்துக்கு மருந்து மாறும். சீட்டில் எழுதியிருப்பதே கணக்கு. ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 20 சொட்டு என்பதால், 5 மில்லிலிட்டர் குப்பியில் சுமார் 100 சொட்டு இருக்கும். நாளுக்கு இருவேளை, வேளைக்கு 4 சொட்டு என்றால் ஒரு காதுக்கு அது 12 நாளில் தீரும். இரண்டு வாரம் கழித்தும் பாதிக்குப்பி மிச்சமிருந்தால், மருந்து ஒழுங்காக விடப்படவில்லை என்றுதான் பொருள்.

குப்பியில் கண்ணுக்கும் காதுக்கும் என்று போட்டிருக்கிறதே?

கண்ணுக்குரிய சொட்டு நுண்ணுயிரற்றதாகவும் கண் தாங்கும் அமிலத்தன்மையிலும் தயாரிக்கப்படுவதால், மருத்துவர் சொன்னால் அதைக் காதில் விடலாம். காதுக்கு மட்டும் என்று போட்டிருக்கும் மருந்தை ஒருபோதும் கண்ணில் விடக் கூடாது. காதில் விட்டுக்கொண்டிருக்கும் குப்பியையே எடுத்துக் கண்ணில் விடுவதும் ஆபத்து. காதின் கிருமி கண்ணுக்குப் போய்விடும்.

சொட்டு விட்டதும் தொண்டையில் கசக்கிறது. ஏன்?

பறை முழுமையாக இருந்தால் மருந்து தொண்டைக்கு வர வழியே இல்லை. கசப்பு தெரிந்தால், பறையில் ஓட்டை இருந்து, நடுச்செவியையும் மூக்கின் பின்புறத்தையும் இணைக்கும் குழாய் வழியாக மருந்து இறங்குகிறது என்று கொள்ளலாம். அடுத்த முறை மருத்துவரிடம் இதைத் தவறாமல் சொல்லுங்கள். அவர் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம்.

ஓட்டை இருந்தால் மருந்தை ஏன் மாற்ற வேண்டும்?

ஜென்டாமைசின், நியோமைசின், டோப்ராமைசின் ஆகியவை அடங்கிய அமினோகிளைகோசைடு வகை மருந்துகள் நடுச்செவிக்குள் புகுந்து உட்செவியை எட்டினால் கேட்கும் திறனையோ உடலின் சமநிலையையோ பாதிக்கக்கூடும். அந்த இழப்பு பெரும்பாலும் மீளாது. அடிக்கடி நிகழ்வதில்லை என்றாலும், மாற்று மருந்து கையில் இருக்கும்போது அந்த அபாயத்தை ஏற்பதற்குக் காரணமில்லை. ஆஃப்லாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் ஆகிய குயினோலோன் வகைச் சொட்டுகளுக்கு இத்தகைய நச்சுத்தன்மை இல்லை. பறையில் ஓட்டையுள்ள நாட்பட்ட சீழ் நோய்க்கு ஆஃப்லாக்சசின் காதுச் சொட்டை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-இல் அனுமதித்தது. தாய்வழி உறவினர்களில் யாருக்கேனும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற அமினோகிளைகோசைடு வகை ஊசிக்குப் பிறகு காது கேட்காமல் போயிருந்தால், பரம்பரையாக வரும் ஒரு மரபணு மாற்றம் காரணமாக இருக்கலாம் என்பதால், அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாள் விட வேண்டும்? நிறுத்தியதும் மீண்டும் வருகிறதே?

ஒழுக்கு ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். பறையின் மீது புதுத்தோல் மூடுவதற்கு அதைவிட அதிக நாள் பிடிக்கும். ஈரம் நின்றதும் மருந்தை நிறுத்திவிட்டு மறுபரிசோதனைக்கு வராமல் இருப்பதே நோய் திரும்புவதற்குப் பெரிய காரணம். அதற்காக நீங்களாகவே மாதக்கணக்கில் நீட்டிக்கவும் கூடாது. வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரம் மருந்து, பிறகு காதைப் பார்த்து அடுத்த முடிவு என்பதே முறை. நாட்பட்ட மிரிஞ்சைட்டிஸ் பலருக்கு ஓரிரு முறை திரும்பி வந்த பிறகே முழுமையாக ஆறும். அதனால் சிகிச்சை தோற்றுவிட்டதாகக் கருத வேண்டியதில்லை.

மருந்து விட விட, அரிப்பு கூடி, ஈரமான காகிதக் கூழ் போன்ற வெண்படிவோ கரும்புள்ளிகளோ தோன்றினால், அது பூஞ்சை. அப்போது நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டை நிறுத்தி, காதைச் சுத்தம் செய்து, க்ளோட்ரிமசோல் போன்ற பூஞ்சை மருந்துக்கு மாற வேண்டும்.

வினிகர், அயோடின், வெள்ளி நைட்ரேட் என்றெல்லாம் சொல்கிறார்களே?

மூன்றுக்கும் இடம் உண்டு, ஆனால் மருத்துவரின் கையில். இயல்பான காதுக்குழாய் சற்று அமிலத்தன்மை உடையது; நாட்பட்ட கசிவில் அது மாறி, கிருமிகளுக்குச் சாதகமாகிவிடுகிறது. நீர்த்த அசெட்டிக் அமிலம் அந்த அமிலத்தன்மையை மீட்டுத் தருகிறது. நீர்த்த வினிகரால் கழுவும் முறையில் தென் கொரிய மருத்துவர்கள் நல்ல பலன் கண்டு எழுதியிருக்கிறார்கள். சமையலறை வினிகரை அளவின்றி ஊற்றிப் பார்ப்பது வேறு விஷயம். ஓட்டை இருந்தால் துடிக்கும்படி எரியும்.

பொவிடோன் அயோடின் சொட்டைப் பற்றி வேலூரில் நடந்த ஆய்வு ஒன்று 2003-இல் வெளியானது. நடுச்செவியின் நாட்பட்ட சீழ் நோயில் அது சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டுக்கு ஏறக்குறைய இணையாகப் பலன் தந்தது. நுண்ணுயிர்க்கொல்லிகளுக்குக் கிருமிகள் பழகிவரும் காலத்தில், விலை குறைந்த இந்த மருந்து இன்னும் பரவலாக ஆராயப்பட வேண்டும் என்பது என் கருத்து. துளிர்த்த சதை தடிமனாக இருந்தால், வெள்ளி நைட்ரேட்டையோ ட்ரைகுளோரோ அசெட்டிக் அமிலத்தையோ அந்த இடத்தில் மட்டும் தொட்டுச் சுட்டுவிட்டு, அதன்பின் சொட்டைத் தொடர்வார்கள்.

எண்ணெய் காய்ச்சி ஊற்றலாமா?

கூடாது. நல்லெண்ணெயில் பூண்டைத் தட்டிப்போட்டுக் காய்ச்சி ஊற்றுவதும், குழந்தையின் காதில் தாய்ப்பாலைப் பீய்ச்சுவதும் அன்பினால் செய்யப்படுபவைதான். ஆனால் ஈரமான புண்ணில் எண்ணெய்ப் படலம் படிந்தால் சொட்டு மருந்து ஒட்டாது. பால் கிருமிக்கு உணவாகும். சூடு கூடிவிட்டால் பறை வெந்துபோகும்.

குளிக்கும்போது என்ன செய்வது?

பஞ்சு உருண்டையில் வாசலின் தடவிக் காதின் வாயில் பொருத்திக்கொண்டு குளித்து, முடிந்ததும் எடுத்துவிடுங்கள். எண்ணெய்க் குளியலின்போதும் இது பொருந்தும். கிணற்றிலும் குளத்திலும் குதிப்பது, காது ஆறி மருத்துவர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். காதுக்குள் செருகும் இயர்போனையும் அதுவரை தள்ளி வையுங்கள். காது கேட்கும் கருவி அணிபவர்கள் முடிந்த மட்டும் மறுகாதில் அணிந்துகொண்டு, நோயுள்ள காதுக்குக் காற்றோட்டம் கொடுக்க வேண்டும்.

எந்த நிலையில் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

முகம் ஒரு பக்கம் கோணுதல், காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்தள்ளுதல், கடும் தலைவலியோடு வாந்தியும் காய்ச்சலும், சுழன்று அடிக்கும் தலைசுற்றல், திடீரெனக் காது கேட்காமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே போக வேண்டும். நீரிழிவு உள்ள முதியவர்களுக்கு இரவில் தூங்கவிடாத காதுவலி வந்தால், மண்டையோட்டின் அடிப்பகுதி எலும்புக்குத் தொற்று பரவியிருக்கலாம். அதைச் சொட்டு மருந்தோடு விட்டுவைக்கக் கூடாது.

முறையாகச் செய்தும் ஆறவில்லை என்றால்?

முதலில் நோயை மறுபடி ஐயுற வேண்டும். கசிவைக் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பி எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்ப்பார்கள். எலும்பை அரிக்கும் கொலஸ்டியடோமா என்ற தோல் திரட்சி பறையின் மேல் மூலையில் மறைந்திருக்கிறதா என்று அறிய சி.டி. ஸ்கேன் தேவைப்படலாம். வலியில்லாமல் ஒழுகி எதற்கும் அடங்காத காதில் காசநோயும் இருக்கக்கூடும். நம் நாட்டில் அதை மறந்துவிடக் கூடாது. சதையிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பதால் அதுவும், மிக அரிதாகப் புற்றுநோயும் தெரியவரும். இவை எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு, நோயுற்ற மேல்தோலைச் சீவியெடுத்து மெல்லிய ஒட்டுத்திசு வைக்கும் அறுவை சிகிச்சையோ லேசர் சிகிச்சையோ செய்யப்படும்.

மீந்துபோன மருந்தை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாமா?

திறந்த குப்பியை ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம். திறந்த தேதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள். காது மீண்டும் ஒழுகினால் பழைய குப்பியைத் தேடாமல், பழைய சீட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் செல்லுங்கள்.